டிரக் கம்பெனியே ஓட்டக் கற்றுத்தரும்போது

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் போகும் பெரிய டிரெய்லர்கள் பலவற்றின் பின்கதவில் ஆள் தேவை விளம்பரம் ஒட்டியிருக்கும். அனுபவம் வேண்டாம், லைசென்ஸ்கூட வேண்டாம், நாங்களே பழக்கி வேலையும் தருகிறோம் என்று அது சொல்லும். அதில் பொய் இல்லை. ஸ்விஃப்ட், ப்ரைம், சி.ஆர். இங்கிலாந்து, ரோல் போன்ற பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்த்துப் பழக்குகின்றன. கையில் காசில்லாமல் உள்ளே போய், சில மாதங்களில் சொந்தக் காலில் நிற்கும் தொழிலோடு வெளியே வந்தவர்கள் ஏராளம். அதே வாசல் வழியாகப் போய், லைசென்ஸ் கிடைத்தும் வேலை நிலைக்காமல், பல ஆயிரம் டாலர் கடனோடு திரும்பியவர்களும் உண்டு. திறமை மட்டும் இந்த இரண்டு பேரையும் பிரிப்பதில்லை. உள்ளே என்ன நடக்கும் என்பது ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தது, இன்னொருவருக்குத் தெரியவில்லை என்பதும் பெரிய காரணம்.

முதலில், கம்பெனி ஏன் இந்தச் செலவைச் செய்கிறது? முழு டிரெய்லர் சரக்கை நாடு முழுக்க ஏற்றிச் செல்லும் பெரிய கம்பெனிகளில் டிரைவர்கள் நிலைப்பதில்லை. அமெரிக்க டிரக்கிங் சங்கம் வெளியிட்ட கணக்குகளில், இவ்வகைப் பெரிய கம்பெனிகளில் ஆண்டுக்கு ஆள் மாறும் விகிதம் பல ஆண்டுகள் 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. எல்லோரும் போய்விடுகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சில சீட்டுகளில் ஒருவரே பல ஆண்டு இருப்பார், சில சீட்டுகளில் ஒரே ஆண்டில் மூன்று பேர் மாறுவார்கள். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும், ஓடிய மைலுக்குத்தான் கூலி, காத்துக்கிடந்த நேரத்துக்குச் சரியான கூலி கிடையாது. ஓரளவு அனுபவம் வந்ததும் நல்ல டிரைவர்கள் இதைவிட வசதியான வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காலி சீட்டுகளை நிரப்பத்தான் பயிற்சிப் பிரிவு. புதியவர்களைச் சேர்க்க இன்சூரன்ஸ் காரணமாகச் சின்ன கம்பெனிகள் தயங்கும். அதனால் முதல் ஓராண்டை எப்படியாவது ஒரு பெரிய கம்பெனியில் ஓட்டிக் கழிப்பது இந்தத் தொழிலில் கிட்டத்தட்ட எழுதாத விதி.

ஆகவே சேரும் நாளிலிருந்தே நீங்கள் மூன்று ஆளாக இருக்கிறீர்கள்: கற்றுக்கொள்ளும் மாணவர், சரக்கு ஏற்றும் தொழிலாளி, பயிற்சிச் செலவுக்குக் கடன்பட்டவர். எந்த வாரத்தில் எந்த முகம் முன்னால் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வணிக வாகன லைசென்ஸான சி.டி.எல். 1986-இல் வந்த சட்டத்தால் உருவானது, 1992 ஏப்ரலிலிருந்து கட்டாயமானது. ஆனால் தேர்வுக்கு முன் வண்டியில் உட்கார்ந்து முறையாகப் பழகியிருக்க வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2022 பிப்ரவரி 7 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் அப்படி ஒரு விதியே இல்லாமல் ஓடியிருக்கிறது. இப்போது கூட்டாட்சிப் பதிவேட்டில் பெயர் உள்ள பயிற்சி நிலையத்தில் பாடம் முடித்து, பாடத் தேர்வில் 80 சதவீதம் எடுத்து, மைதானத்திலும் பொதுச் சாலையிலும் ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் தேர்வுக்கே போக முடியும். இத்தனை மணி நேரம் ஓட்டியாக வேண்டும் என்று மட்டும் அந்த விதி சொல்லவில்லை. உங்களுக்குக் கை வந்துவிட்டது என்று பயிற்றுநர் முடிவு செய்தால் போதும். அதனால் ஒரு கம்பெனியில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நேரமும் இன்னொரு கம்பெனியில் பிடிக்கும் நேரமும் ஒன்றாக இருக்காது. ஆள் சேர்ப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: ஒரு டிரக்குக்கு எத்தனை மாணவர்? நான்கு பேர் என்றால், மூன்று பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் நேரமும் பயிற்சி என்றுதான் கணக்காகும்.

கம்பெனி பஸ் டிக்கெட் அனுப்பும், ஹோட்டல் அறை தரும், பெரும்பாலும் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் அறை. முதல் ஓரிரு நாளிலேயே சிலர் மூட்டை கட்டுவார்கள், ஓட்டத் தெரியாததால் அல்ல. போக்குவரத்துத் துறையின் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால்தான் இரண்டு ஆண்டுக்கான சான்று எளிதில் கிடைக்கும். பொதுவாக, கண்ணாடி போட்டாவது ஒவ்வொரு கண்ணிலும் 20/40 பார்வை வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தனிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். போதைப் பொருள் சோதனை நிச்சயம் உண்டு. கஞ்சாவை உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சி விதியில் அது தடைதான். அதில் சிக்கினால் 2020 ஜனவரியில் தொடங்கிய தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறும், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது தெரியும். பழைய விபத்து, பழைய வழக்கு, விட்டுப்போன வேலை எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். இருந்ததைவிட, மறைத்ததற்காகத்தான் அதிகம் பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். மாநில எல்லை தாண்டி ஓட்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசவும் சாலைப் பலகைகளைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய விதி, 2025 ஜூன் 25 முதல் மீண்டும் கடுமையாக அமலாகிறது. சோதனையில் அதிகாரிக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்திலேயே ஓட்டுவதை நிறுத்திவிடுவார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கான விதிகள் 2025 செப்டம்பரில் இறுக்கப்பட்டு, விஷயம் நீதிமன்றம் வரை போனது. அந்த நிலையில் இருப்பவர்கள் மாநில லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவான பதில் வாங்காமல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

எழுத்துத் தேர்வு முடித்துப் பழகுநர் அனுமதி வாங்கிய பிறகு குறைந்தது 14 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வு. கம்பெனிப் பயிற்சி சுமார் மூன்று நான்கு வாரமாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நாட்கள் பெரும்பாலும் மைதானத்தில்தான் போகும்.

புதியவர்கள் ஓட்டுவதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் தேர்வில் பலரைக் கவிழ்ப்பது வண்டியைச் சுற்றி வந்து சொல்லும் சோதனை. ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி, அது என்ன, எப்படி இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன் டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தது ஓர் அங்குலத்தின் 32-இல் 4 பங்கு, மற்ற டயர்களில் குறைந்தது 2 பங்கு என்று சொல்ல வேண்டும். ஏர் பிரேக் சோதனைக்கு என்று ஒரு வரிசை உண்டு. இன்ஜினை நிறுத்தி, சாவியைத் திருப்பி வைத்து, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கும்போது காற்றழுத்தம் 4 பி.எஸ்.ஐ-க்கு மேல் இறங்கக் கூடாது. அப்புறம் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். அழுத்தம் 55-க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை ஒலி அலற வேண்டும். மேலும் மிதித்தால் 45-க்கும் 20-க்கும் நடுவில் டேஷ்போர்டில் இருக்கும் மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும் டப்பென்று தாமாக வெளியே துள்ளும். பிரேக் தானே பிடித்துக்கொண்டது என்று பொருள். இந்த வரிசையில் ஒரு படி தவறினால் அன்றைய தேர்வு அங்கேயே முடிந்தது. இதை வெறும் மனப்பாடம் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பாரத்தோடு மலையில் இறங்கும்போது அந்தக் குமிழ் ஏன் துள்ளுகிறது என்று தெரிந்தவர் பதற மாட்டார்.

பிறகு ரிவர்ஸ். காரில் பழகிய கைக்கு இது தலைகீழ் உலகம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்பக்கம் இடப்பக்கம் போகும். பயிற்றுநர்கள் சொல்லித்தரும் எளிய வழி ஒன்று உண்டு: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது. முதல் வாரம் முழுக்க எல்லோரும் அதிகமாகத் திருப்பிவிட்டு, திருத்தப் போய் இன்னும் அதிகமாகத் திருப்புவார்கள். டிரெய்லர் மெதுவாகத்தான் பதில் சொல்லும். அது பதில் சொல்லும்வரை கை சும்மா இருக்கப் பழக வேண்டும். முன்னே போய்ச் சரிசெய்துகொள்ளவும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கவும் தேர்விலேயே அனுமதி உண்டு, இத்தனை முறைதான் என்ற வரம்போடு. உண்மையான வேலையில் அந்த வரம்பும் கிடையாது. பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக அவசரப்பட்டுத் தெரியாத இடத்தில் பின்னால் நகர்த்துவதுதான் புதியவர்களின் மிகச் சாதாரணமான விபத்து.

பெரிய கம்பெனிகளின் வண்டிகள் இப்போது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். அதில் தேர்வு எழுதினால், கையால் கியர் மாற்றும் வண்டியை ஓட்டக் கூடாது என்ற குறிப்போடுதான் லைசென்ஸ் வரும். நீண்டதூர வேலைக்கு அது பெரிய தடையில்லை. டம்ப் டிரக், கட்டுமான வேலை என்று பிற்பாடு போக நினைப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் பயிற்சி முடிந்தது என்று தோன்றும். என்னைக் கேட்டால், கவனமாக இருக்க வேண்டிய பகுதி அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த நான்கு முதல் எட்டு வாரம், சில இடங்களில் அதற்கும் மேல், ஒரு ட்ரெயினரோடு அவர் டிரக்கில் வாழ வேண்டும். வாழ வேண்டும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இரண்டு சீட், பின்னால் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். அவர் குறட்டை, அவர் சாப்பாடு, அவர் போன் பேச்சு எல்லாம் உங்கள் தலைக்கு மேலேயே. முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்தப் பெட்டிக்குள் நாட்டைக் குறுக்கே கடப்பார்கள்.

இங்கே சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழகுநர் அனுமதியோடு ஓட்டும்வரை, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்து முன்சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். லைசென்ஸ் வந்த நொடியில் அந்த விதி விலகிவிடுகிறது. மைதானத்தில் ஓட்டிக் காட்டிப் பழக்கியவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தாக வேண்டும் என்று 2022 விதி சொல்கிறது. லைசென்ஸுக்குப் பிறகு உங்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி ட்ரெயினருக்கு அந்த விதி பொருந்தாது. ஓராண்டுகூட முடிக்காதவரை ட்ரெயினராக்கும் கம்பெனிகள் உண்டு. முதல் சில வாரத்துக்குப் பிறகு பல கம்பெனிகளில் இருவரையும் ஒரு ஜோடியாகவே கணக்கில் எடுப்பார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்க, வண்டி நிற்காமல் ஓடும். ஒரு டிரைவர் 11 மணி நேரம் ஓட்டலாம், ஜோடி என்றால் டிரக் ஏறக்குறைய இரவு பகலாக நகரும். கம்பெனிக்கு அது நல்ல வருமானம், ட்ரெயினருக்கும் கூடுதல் மைல். உங்களுக்கு? லைசென்ஸ் வாங்கிய மூன்றாவது வாரம், இரவு இரண்டு மணி, பனிக்காற்று வீசும் வயோமிங் சாலையில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்க, கற்றுத்தர வேண்டியவர் திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருப்பார். இது விதிமீறல் அல்ல. ஆனால் அதைக் கற்பித்தல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சேரும் முன்பே இதைக் கேளுங்கள். லைசென்ஸுக்குப் பிறகு ட்ரெயினர் எத்தனை மணி நேரம் விழித்து முன்சீட்டில் இருப்பார்? எப்போது ஜோடி ஓட்டம் தொடங்கும்? பனி, மலை, பெரிய நகரம் என்றால் எழுப்பலாமா? நல்ல ட்ரெயினர்கள் தாங்களே எழுந்து வந்து உட்காருவார்கள். ஆள் சரியில்லை என்றால் ட்ரெயினரை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். கத்துபவரோடும் கற்றுத்தராதவரோடும் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வாரம் ஓட்டியதற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை. காரணத்தைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

பெண்களுக்கு இதில் கூடுதல் கவலை இருக்கிறது, அது நியாயமான கவலை. பெண்களைப் பெண் ட்ரெயினருக்காக மட்டுமே காத்திருக்க வைப்பது பாகுபாடு என்று ப்ரைம் கம்பெனிக்கு எதிராக 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண் ட்ரெயினர்கள் மிகக் குறைவு, அதனால் அந்த வரிசையில் நின்றவர்களுக்கு மாதக்கணக்கில் வேலையே கிடைக்கவில்லை. கதவு திறந்தது, ஆனால் அந்தக் கதவு முன்பின் தெரியாத ஆணோடு ஒரே டிரக்கில் தூங்கும் நிலைக்குத்தான் திறந்தது. இரவில் ஹோட்டல் அறை தருவார்களா, புகார் சொன்னால் அன்றே வண்டியிலிருந்து இறக்கி ஊருக்கு அனுப்புவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த வாரங்களில் உண்மையாகவே கற்க வேண்டியவை ஸ்டியரிங்குக்கு வெளியே நிறைய இருக்கின்றன. மொத்த எடை 80,000 பவுண்டு, இரட்டை அச்சுக்கு 34,000 பவுண்டு என்பது வரம்பு. சரக்கு ஏற்றியதும் எடைமேடைக்குப் போய், பின்பக்கம் கூடுதலாக இருந்தால் டிரெய்லரின் பின்சக்கரத் தொகுதியை நகர்த்த வேண்டும். பூட்டு முள்ளை இழுத்து விடுவித்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, டிரக்கை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால், முள் பூட்டும் ஒவ்வொரு துளைக்கும் சில நூறு பவுண்டு இடம் மாறும். துருப்பிடித்த முள்ளோடு மழையில் மல்லுக்கட்டுவதை ஒருமுறையாவது ட்ரெயினர் பக்கத்தில் நிற்கும்போதே செய்துவிட வேண்டும். அடுத்தது நேரக் கணக்கு. வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்தான் அந்த 11 மணி நேர ஓட்டமும் முடிய வேண்டும், பொதுவாக அந்தக் கடிகாரம் நிற்காது. காலை 6 மணிக்குத் தொடங்கி, ஒரு கிடங்கில் நான்கு மணி நேரம் காக்கவைத்தால், அந்த நான்கு மணி உங்கள் நாளிலிருந்து போனதுதான். 2017 டிசம்பரிலிருந்து இதையெல்லாம் மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. இரவு எங்கே நிறுத்துவது என்று மதியமே யோசிக்கப் பழகுங்கள். மாலை ஆகிவிட்டால் டிரக் ஸ்டாப்பில் இடம் கிடைப்பது கஷ்டம்.

சம்பளம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் வாரத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, பிறகு மைலுக்கு இவ்வளவு. மாநில எல்லை தாண்டும் டிரைவர்களுக்கு கூட்டாட்சிச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது. விளம்பரத்தில் போடும் ஆண்டு வருமானம் முதல் ஆண்டில் உங்கள் கையில் வரும் தொகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்க வேண்டியது, புது டிரைவருக்கு வாரத்தில் சராசரியாக எத்தனை மைல் கிடைக்கிறது என்பது.

ஒப்பந்தத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். இலவசப் பயிற்சி என்றால் பெரும்பாலும், ஓராண்டு எங்களிடம் ஓட்டினால் பயிற்சிச் செலவைக் கேட்கமாட்டோம் என்று அர்த்தம். நடுவில் போனால் பல ஆயிரம் டாலர் கேட்பார்கள். அந்த ஓராண்டு எந்த நாளிலிருந்து கணக்காகிறது? பயிற்சி தொடங்கிய நாளா, தனியாக ஓட்டத் தொடங்கிய நாளா? எட்டு மாதம் ஓட்டிவிட்டுப் போனால் எட்டு மாதத்துக்கு உரியது கழியுமா, இல்லை முழுத்தொகையா? கம்பெனியே வேலையைவிட்டு நீக்கினால்? மருத்துவச் சான்று கிடைக்காமல் போனால்? வட்டி உண்டா? கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்களா? வெறுங்கையோடு ஹோட்டல் அறையில் தங்கி, மறுநாள் காலை வகுப்பு என்ற நிலையில் காகிதத்தை நீட்டும்போது இதையெல்லாம் நின்று படிக்க மனம் வராது. அதனால் பஸ் ஏறும் முன்பே ஒப்பந்தத்தின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ப்ரைம் கம்பெனியின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த ஒலிவேரா என்ற டிரைவர், பழகும் காலத்தில் கூலி இல்லாமல் ஆயிரக்கணக்கான மைல் சரக்கு ஏற்றினேன் என்று வழக்குப் போட்டார். ஒப்பந்தப்படி நீதிமன்றத்துக்கு வர முடியாது, மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்று கம்பெனி வாதிட்டது. கூட்டாட்சி மத்தியஸ்தச் சட்டத்தைக் காட்டி அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுயதொழில் ஒப்பந்தக்காரர் என்று எழுதி வாங்கியிருந்தாலும் போக்குவரத்துத் தொழிலாளி தொழிலாளிதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பயிற்சி முடிந்த கையோடு டிரக்கை லீஸ் எடு, நீயே முதலாளி என்று பேச்சு வரும்போது இந்த வழக்கு நினைவில் இருக்கட்டும். முதல் ஆண்டில் லீஸ் எடுப்பது எனக்குத் தெரிந்தவரை புதியவருக்குத் தற்கொலைக்குச் சமம். வண்டித் தவணை, எரிபொருள், பழுது எல்லாம் உங்கள் தலையில் இருக்கும், எந்த லோடு கிடைக்கும் என்பது மட்டும் அவர்கள் கையில் இருக்கும்.

கம்பெனி வழி ஒன்றுதான் என்று நினைக்கவும் வேண்டாம். சமுதாயக் கல்லூரிகளிலும் இந்தப் பயிற்சி உண்டு. வேலையில்லாதவர்களுக்குக் கூட்டாட்சி வேலைப் பயிற்சி நிதியிலிருந்து கட்டணம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, உள்ளூர் வேலைவாய்ப்பு மையத்தில் கேட்கலாம். அப்படி லைசென்ஸோடு போனாலும் ட்ரெயினரோடு ஓட்டும் வாரங்கள் தப்பாது. ஆனால் கழுத்தில் ஒப்பந்தம் இருக்காது.

வெளியேற வேண்டி வந்தால் டிரக்கை வழியில் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். அது உங்கள் வேலை வரலாற்று அறிக்கையில் ஏறும், அடுத்த கம்பெனி அதைத்தான் முதலில் பார்க்கும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறவும் தவறிருந்தால் மறுக்கவும் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. விபத்துகளும் சாலைச் சோதனைகளும் கூட்டாட்சிப் பதிவில் தனியாக இருக்கும், விபத்து ஐந்து ஆண்டுக்கு, சோதனை மூன்று ஆண்டுக்கு.

ட்ரெயினர் கையெழுத்துப் போட்டு, உங்கள் பெயருக்கு ஒரு டிரக் ஒதுக்கி, நீங்கள் தனியாகக் கிளம்பிய பிறகு ஓர் இரவு போன் வரும். லோடு காலையில் போயாக வேண்டும், எப்படியாவது பார் என்பார் கம்பெனியில் உங்களுக்கு லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர். உங்களுக்குக் கண் சொருகிக்கொண்டிருக்கும், அல்லது சாலை பனியால் கண்ணாடியாகியிருக்கும். உடல் தளர்ந்திருக்கும்போது ஓட்டக் கூடாது, ஓட்ட வைக்கவும் கூடாது என்பது கூட்டாட்சி விதி. விதியை மீறி ஓட்டு என்று மிரட்டுவதே 2016 ஜனவரி முதல் தனிக் குற்றம், 90 நாளுக்குள் புகார் செய்யலாம். ஓட்ட மறுத்ததற்காக வேலையை எடுத்தால் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவிடம் 180 நாளுக்குள் போகலாம். இதற்கென்று பயிற்சியில் யாரும் ஒரு பாடம் ஒதுக்குவதில்லை. அதனால் வாய்ப்பேச்சில் பதில் சொல்லாமல், டிரக்கில் இருக்கும் கருவி வழியாகவே எழுதி அனுப்புங்கள்: களைப்பாக இருக்கிறது, பாதுகாப்பாக ஓட்ட முடியாது, இத்தனை மணிக்குக் கிளம்புகிறேன். அனுப்பிய செய்தியைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரையை இழுத்து மூடித் தூங்குங்கள்.